ஜிப்சியின் முன் நக்கிள்: ஒழுகலும் உதறலும் எங்கிருந்து வருகின்றன

குடியாத்தத்திலிருந்து நீங்கள் கேட்டிருப்பது இது. இராணுவ ஏலத்தில் வந்த 1998ஆம் ஆண்டு மாருதி ஜிப்சி கிங் ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். வலது முன் சக்கரத்தின் உட்புறம் கறுத்த எண்ணெய்ப் பசை வழிந்து டயரில் கோடு போடுகிறது. 50, 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் ஸ்டியரிங் கையை உதறுகிறது. வேகத்தை நன்றாகக் குறைத்தால்தான் அடங்குகிறது. வெளிச் சீலை மாற்றிவிட்டு ஸ்டியரிங் டேம்பர் (அதிர்வைத் தணிக்கும் உறுப்பு) ஒன்று புதிதாகப் போட்டால் சரியாகிவிடும் என்று பட்டறையில் சொல்கிறார்கள். அது போதுமா, நக்கிளை, அதாவது முன் சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் கூட்டை, முழுதாகப் பிரிக்க வேண்டுமா, பிரித்தால் வீட்டிலேயே செய்ய முடியுமா, ஜவ்வாது மலைக்குப் போவதற்குள் முடியுமா என்று கேட்கிறீர்கள்.

போதாது. வெளிச் சீலில் எண்ணெய் தெரிகிறதே தவிர, எண்ணெய் வரும் வாசல் அதுவல்ல. அதேபோல் டேம்பர் உதறலை அமுக்கி வைக்குமே தவிர, உதறலை உண்டாக்கிய ஆட்டத்தை எடுக்காது. இரண்டு கோளாறுகளுக்கும் காரணம் நக்கிளுக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே ஒருமுறை முழுதாகப் பிரித்து, தேய்ந்தவற்றை மாற்றி, அளந்து பூட்டுவதுதான் செலவு குறைந்த வழி. பொறுமையும் ஓரளவு கருவிகளும் உள்ளவர் இதை வீட்டு வாசலில் செய்ய முடியும்.

முதலில் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அது விளங்கினால் பாதி வேலை விளங்கிவிடும். 1985இல் வந்த முதல் ஜிப்சியிலிருந்தே முன்பக்கம் முழு ஆக்சிலும் பட்டை ஸ்பிரிங்கும்தான். ஆக்சில் குழாயின் ஒவ்வொரு முனையிலும் வழவழப்பான கோளம் ஒன்று இருக்கிறது. அதன் உள்ளே, சக்கரம் திரும்பியிருந்தாலும் ஷாப்டின் சுழற்சியை அதற்குக் கடத்தும் சிவி ஜாயிண்ட் சுழல்கிறது. வெளியிலிருந்து அந்தக் கோளத்தைக் கவ்வி மூடியிருப்பது நக்கிள். கோளத்தின் உச்சியில் ஒன்றும் அடியில் ஒன்றுமாக டேப்பர் ரோலர் பேரிங்குகள் உள்ளன. மேலிருந்தும் கீழிருந்தும் அவற்றுக்குள் நுழையும் இரண்டு கிங்பின்களே சக்கரம் இடமும் வலமும் திரும்புவதற்கான அச்சு. கிங்பின்னின் தலைக்கும் நக்கிளுக்கும் இடையே மெல்லிய ஷிம் தகடுகள் இருக்கும். நக்கிளின் பின்புறத்தில் கோளத்தைத் துடைத்தபடி நகரும் வெளிச் சீல், ஃபெல்ட், அவற்றைப் பிடிக்கும் தகட்டு வளையம் ஆகியவை உள்ளன. பழைய மஹிந்திரா ஜீப்பும் டொயோட்டா லேண்ட் குரூசரும் இதே இனத்தைச் சேர்ந்தவைதாம். அவற்றுக்கான செய்முறைக் காணொளிகளிலிருந்து முறையைக் கற்றுக்கொள்ளலாம், ஆனால் அவற்றில் சொல்லப்படும் அளவுகளை ஜிப்சிக்குப் பயன்படுத்தக் கூடாது.

நக்கிளுக்குள் இருக்க வேண்டியது கிரீஸ் மட்டுமே. ஆக்சிலில் உள்ள பல்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியலில் இருக்கும் கியர் ஆயில் குழாய் வழியாக நக்கிளுக்குள் வராதபடி, கோளத்துக்குச் சற்று உள்ளே, ஆக்சில் ஷாப்டைச் சுற்றி ஓர் உட்சீல் இருக்கிறது. அந்தச் சீல் போய்விட்டால் ஆயில் நக்கிளுக்குள் இறங்கிக் கிரீஸைக் கரைத்துக் கஞ்சியாக்கிவிடும். வெளிச் சீல் கிரீஸைத் தடுக்கவும் மண்ணைத் துடைக்கவும் செய்யப்பட்டதே ஒழிய, ஆயிலைத் தேக்கி வைக்கச் செய்யப்பட்டதல்ல. ஆகவே அது எவ்வளவு புதியதாக இருந்தாலும் கரைந்த கஞ்சி அதைத் தாண்டி டயரில் வழியும். வெளிச் சீலை மட்டும் மாற்றிய வண்டி சில வாரங்களிலேயே மீண்டும் ஒழுகுவது இதனால்தான். இதில் இன்னோர் ஆபத்தும் உண்டு: வெளியே வழிந்த அளவுக்கு டிஃபரன்ஷியலில் ஆயில் குறைந்திருக்கும். எனவே இன்றே முன் டிஃபரன்ஷியலின் ஃபில்லர் பிளக்கைக் கழற்றி விரலை விட்டுப் பாருங்கள். துளையின் விளிம்புவரை ஆயில் இல்லையென்றால், நக்கிள் வேலை முடியும்வரை காத்திருக்காமல் நிரப்பிவிடுங்கள்.

பிரிப்பதற்கு முன் ஆட்டம் எதில் என்று உறுதிசெய்ய வேண்டும். முன் ஆக்சிலை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, சக்கரத்தின் உச்சியையும் அடியையும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால், உதவிக்கு ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மீண்டும் ஆட்டுங்கள். பிரேக் மிதித்ததும் ஆட்டம் மறைந்தால் அது வீல் பேரிங். மறையாமல் இருந்தால் கிங்பின் பேரிங். அப்போது கோளத்துக்கும் நக்கிளின் விளிம்புக்கும் இடையிலான இடைவெளி விரிந்து சுருங்குவதை டார்ச் அடித்துப் பார்த்தால் கண்ணாலேயே காணலாம். சக்கரத்தை இட வலமாக ஆட்டினால் தெரியும் ஆட்டம் பெரும்பாலும் இரண்டு முன் சக்கரங்களையும் இணைக்கும் டை ராடின் முனைகளுடையது (டை ராடு எண்டு). பட்டை ஸ்பிரிங்கின் புஷ்களையும் டயரின் பேலன்ஸையும் இதே சமயத்தில் பார்த்துவிடுங்கள். இவற்றில் எது கெட்டிருந்தாலும் உதறல் வரும். இருந்தாலும் பள்ளத்தில் விழுந்து எழுந்ததும் தொடங்கி, வேகம் குறைந்தால் மட்டும் நிற்கும் உதறலில் நான் முதலில் சந்தேகப்படுவது கிங்பின் பேரிங்கின் இறுக்கத்தைத்தான்.

ஸ்டாண்டு என்று சொன்னேன். நம் பக்கத்தில் ஹாலோ பிளாக் கல்லை அடுக்கி அதன் மேல் வண்டியை நிறுத்தும் பழக்கம் இருக்கிறது. அந்தக் கல் எச்சரிக்கை இல்லாமல் நொறுங்கும். இரண்டு இரும்பு ஸ்டாண்டுகளை ஆக்சில் குழாயின் அடியில் வைத்து, பின் சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும்.

சாமான்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு கிங்பின் பேரிங்குகள், உட்சீல் ஒன்று, வெளிச் சீல் தொகுதி ஒன்று, ஸ்பிண்டிலுக்கான (ஹப் சுழலும் குழாய் அச்சு) கேஸ்கெட், ஹப் சீல், லாக் வாஷர் ஆகியவை வேண்டும். பழைய பேரிங்கின் முகத்தில் பொறித்திருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு வேலூரிலுள்ள பேரிங் கடைகளில் கேட்டாலே பெரும்பாலும் கிடைத்துவிடும். கிடைக்காதவற்றுக்குச் சென்னை ஜி.பி. ரோடு இருக்கிறது. ஆக்சில் ஷாப்ட், ஹவுசிங் போன்ற பெரிய உருப்படி தேவைப்பட்டால் புதுப்பேட்டையில் தேடலாம், ஆனால் சீலும் பேரிங்கும் பழையதாக வாங்காதீர்கள். ஒழுகுவது வலது பக்கம் மட்டும்தான் என்றாலும் இரண்டு பக்கத்தையும் செய்துவிடுங்கள். இரண்டும் ஒரே வயதுடையவை. ஒரு பக்கம் இறுக்கமாகவும் மறுபக்கம் தளர்ந்தும் இருந்தால் உதறல் முழுதாகப் போகாது.

கழற்றும் வரிசை நேரானது. ஹப் மூடியை அல்லது ஃப்ரீ வீல் ஹப்பைக் கழற்றி, ஷாப்டின் நுனியிலுள்ள சர்க்ளிப்பை எடுத்து, டிஸ்க் பிரேக் உள்ள வண்டியாக இருந்தால் காலிப்பரைக் கழற்றிக் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள். அதன் எடையை பிரேக் ஹோஸ் தாங்கக் கூடாது. பிறகு லாக் நட்டு, வாஷர், உள் நட்டு, ஹப் ஆகியவை வரும். லாக் நட்டை உளி வைத்து அடித்துத் திருப்பிய தழும்பு இராணுவ வண்டி, தனியார் வண்டி என்ற வேறுபாடில்லாமல் எல்லாவற்றிலும் இருக்கிறது. அதற்கென உள்ள சாக்கெட்டை வாங்கியோ லேத்தில் செய்தோ வைத்துக்கொண்டால், பின்னால் வீல் பேரிங்கைச் சரியாக இறுக்கவும் அதுவே உதவும். ஸ்பிண்டில் ஒட்டிக்கொண்டிருந்தால் மரச் சுத்தியலால் சுற்றிலும் தட்டுங்கள். அது வந்ததும் ஆக்சில் ஷாப்டை நேராக வெளியே இழுக்கலாம். டை ராடு எண்டைப் புல்லரால் பிரியுங்கள். வெளிச் சீலின் தகட்டு வளையத்தைக் கழற்றிப் பின்னே தள்ளிய பிறகு, கிங்பின்களை எடுக்க வேண்டும். மேல் பின், கீழ் பின், இட பக்கம், வல பக்கம் என நான்கையும் அவற்றின் ஷிம்களோடு தனித்தனிப் பையில் போட்டு எழுதி வையுங்கள்; இதைக் கலந்துவிட்டால் பிறகு வரும் அளவு வேலை இரட்டிப்பாகும். நக்கிளை இழுக்கும்போது கீழ்ப் பேரிங் நழுவி விழும், ஒரு கையை அடியில் கொடுத்துக்கொள்ளுங்கள்.

பிரித்த எல்லாவற்றையும் டீசலில் கழுவி, துணியால் துடைத்துப் பரப்பி வைத்த பிறகுதான் வண்டியின் உண்மையான நிலை தெரியும். கோளத்துக்குள் அடித்திருக்கும் பேரிங் கப்பின் (பேரிங்கின் வெளி வளையம்) உள்முகத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். கிங்பின் பேரிங் முழுச் சுற்று சுற்றுவதே இல்லை. வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால் ரோலர்கள் ஒரே இடத்தில் நின்று ஒவ்வொரு குழியின் அடியையும் அங்கேயே வாங்குகின்றன. அதனால் கப்பில் ரோலர் ஒவ்வொன்றுக்கும் ஒரு பள்ளம் என்று வரிசையாகக் கோடுகள் விழுந்திருக்கும். நகம் அவற்றில் தட்டித் தட்டிப் போகும். இப்படிப் பள்ளம் விழுந்த பேரிங்கை இறுக்கினால் ஸ்டியரிங் நடுவில் வந்து மாட்டிக்கொள்ளும், தளர்த்தினால் உதறும். ரோலர்கள் உள்ள உள் வளையமான கோனை மட்டும் மாற்றி கப்பை விட்டுவைப்பது வீண் செலவு. பழைய கப்பைப் பித்தளைக் கம்பியால் எதிரெதிர்ப் பக்கமாக மாற்றி மாற்றித் தட்டி இறக்க வேண்டும். புதிய கப்பை ஃப்ரீசரில் ஓர் இரவு வைத்திருந்து, பழைய கப்பின் வெளிவிட்டத்தைக் கொஞ்சம் அரைத்துக் குறைத்து அதையே முட்டாக வைத்து அடித்தால் சாயாமல் இறங்கும். கப் அடியில் போய் உட்கார்ந்ததும் சுத்தியலின் ஓசை கனத்து மாறும்.

கோளத்தின் வெளிப்பரப்பை ஈரத்துணியால் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். மோர்தானா ஓடையிலோ பாலாற்று மணலிலோ இறங்கி ஏறும் வண்டிகளில், ஃபெல்ட்டுக்குள் சிக்கிய மணல் கோளத்தை உரசி உரசிக் கோடு போட்டிருக்கும். நனைந்தபடி நாள்கணக்கில் நின்ற வண்டிகளில் துருப் பொட்டுகள் இருக்கும். லேசான துருவை நுண்ணிய எமரித் தாளில் எண்ணெய் தொட்டுத் தேய்த்து எடுத்துவிடலாம். சில பொட்டுகள் மட்டும் ஆழமாக இருந்தால் உலோக எபாக்சி பூசி, காய்ந்ததும் கோளத்தின் வளைவுக்குச் சமமாகத் தேய்த்துவிடுங்கள். வெளிச் சீல் உரசும் பகுதி முழுவதும் அரித்துப்போயிருந்தால் நல்ல ஹவுசிங் ஒன்றைத் தேடுவதைத் தவிர வேறு வழியில்லை.

உட்சீலைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் மீண்டும் ஒழுகும் வண்டிகளில் பிழை பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது. சீலின் ஸ்பிரிங் உள்ள உதடு டிஃபரன்ஷியலை, அதாவது ஆயிலை நோக்கியிருக்க வேண்டும். அது உட்காரும் குழியைத் துருவில்லாமல் சுத்தம் செய்து, சீலின் வெளிவிளிம்பு முழுவதையும் ஒருசேரத் தொடும் குழாய்த் துண்டை வைத்துச் சீராகத் தட்ட வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்து இறங்கிய சீல் முதல் நாளிலிருந்தே கசியும். அடுத்து, ஆக்சில் ஷாப்டில் சீலின் உதடு உரசும் வளையப் பகுதியை நகத்தால் தடவிப் பாருங்கள். பழைய சீல் அங்கே ஒரு பள்ளத்தை வெட்டியிருந்தால், புதிய சீலும் அதே பள்ளத்தில் உட்கார்ந்து சீக்கிரம் போய்விடும். குழியில் இடமிருந்தால் சீலை ஓரிரு மில்லிமீட்டர் முன்பின்னாக வைத்து, உதடு தேயாத பரப்பில் படும்படி செய்யலாம். இல்லையென்றால் நல்ல லேத் பட்டறையில் அந்த இடத்துக்கு மெல்லிய ஸ்லீவ் போடச் சொல்லுங்கள். இராணிப்பேட்டைப் பக்கத்தில் தொழிற்சாலை வேலைகளுக்குப் பழகிய கை தேர்ந்த லேத் பட்டறைகள் உண்டு. மூன்றாவதாக, ஷாப்டைத் திரும்ப நுழைக்கும்போது அதன் முழு எடையையும் கையில் தாங்கியபடி, சீலின் நடுவில் நேராகச் செலுத்த வேண்டும். பாரத்தோடு சரிந்து போகும் ஷாப்டின் ஸ்ப்ளைன் பற்கள், கிரீஸ் தடவிய புதிய ரப்பர் உதட்டைக் கத்திபோல் கிழித்துவிடும். கிழிந்தது வெளியே தெரியாது. கடைசியாக, ஸ்பிண்டிலின் உள்ளே ஷாப்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அது தேய்ந்திருந்தால் ஷாப்ட் மையம் விட்டுச் சுழன்று, நீங்கள் எவ்வளவு கவனமாகப் போட்ட உட்சீலையும் தின்றுவிடும்.

இனி அளவு. கிங்பின் பேரிங் ஆட்டமில்லாமல் இருந்தால் மட்டும் போதாது. பிரீலோடு எனப்படும் முன் இறுக்கம் அதற்கு இருக்க வேண்டும். அந்த இறுக்கத்தால் வரும் மெல்லிய எதிர்ப்புதான் பள்ளத்தில் விழுந்த சக்கரம் தானாக அலையாமல் தடுக்கிறது. புதிய பேரிங்குகளுக்குக் கிரீஸ் ஏற்றி, நக்கிளை ஏற்றி, பழைய ஷிம்களோடு கிங்பின்களைப் பூட்டி, வெளிச் சீலை இன்னும் பொருத்தாமலும் ஷாப்டை நுழைக்காமலும் டை ராடை இணைக்காமலும் விடுங்கள். நக்கிளை இரு கோடிவரை பலமுறை திருப்பி ரோலர்களை உட்கார வையுங்கள். இப்போது பழைய பேப்பர்க்காரர்கள் வைத்திருக்கும் கொக்கித் தராசு ஒன்றை டை ராடு எண்டு நுழையும் துளையில் மாட்டி, அந்தத் துளை இருக்கும் ஸ்டியரிங் ஆர்முக்குச் செங்குத்தாக மெதுவாக இழுங்கள். நக்கிள் அசையத் தொடங்கும் அந்தக் கணத்தில் முள் காட்டும் எடையே நமக்கு வேண்டியது. ஜிப்சிக்கு அது 1 முதல் 1.8 கிலோவுக்குள் இருக்க வேண்டும். 50 கிலோ தராசில் இந்த அளவைப் படிக்க முடியாது. 5 அல்லது 10 கிலோ வரை காட்டும் சிறிய தராசை வாங்குங்கள், அல்லது பயண மூட்டையை நிறுக்கும் மின்னணுத் தராசைப் பயன்படுத்துங்கள்.

இழுவை 1 கிலோவுக்குக் குறைவாக இருந்தால் ஷிம்மை எடுக்க வேண்டும், 1.8 கிலோவுக்கு மேல் இருந்தால் சேர்க்க வேண்டும். ஷிம்மை எடுத்தால் பின் உள்ளே ஆழமாக இறங்குவதால் இறுக்கம் கூடுகிறது. மேலே மட்டுமே எடுத்துக்கொண்டு போனால் நக்கிள் கோளத்தின் மையத்திலிருந்து விலகி, வெளிச் சீல் ஒரு பக்கம் நசுங்கும். ஆகவே மாற்றத்தை மேலும் கீழுமாகப் பகிர்ந்து செய்யுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் போல்ட்டுகளை முழு டார்க்குக்கு (முறுக்கு விசை) இறுக்கிய பின்பே அளக்க வேண்டும், பாதி இறுக்கத்தில் எடுத்த அளவு பொய் சொல்லும். சீலைப் பொருத்திய பிறகு அளந்தால் அதன் உரசலும் சேர்ந்து எண் பெரிதாகத் தெரியும். அதைப் பார்த்து இறுக்கம் சரியாக இருக்கிறது என்று நம்பிவிட்டுத் தளர்ந்த பேரிங்கோடு வண்டியை அனுப்புவது பட்டறைகளில் நடக்கிறது. கையால் ஆட்டிப் பார்த்து ‘நல்லா டைட்டா இருக்கு சார்’ என்று சொல்லப்படும் இறுக்கத்துக்கும் இந்த 1.8 கிலோவுக்கும் தொடர்பே இருக்காது. மிகை இறுக்கமும் தீமைதான்: திருப்பிய ஸ்டியரிங் தானாக நேராகாது, கப்பில் பள்ளமும் விரைவில் விழும்.

அளவு சரியானதும் மீதி வேலை எளிது. சிவி ஜாயிண்ட்டைக் கழுவி உலர்த்தி, லித்தியம் அடிப்படையிலான மாலிப்டினம் கிரீஸை அதன் பந்துகளுக்கிடையே விரலால் திணித்து ஏற்றுங்கள். கோளத்தின் உள்வெளியை மூன்றில் இரண்டு பங்கு நிரப்பினால் போதும். சேஸிஸ் கிரீஸ் இதற்கு ஆகாது. பழைய கிரீஸ் எந்த வகை என்று தெரியாத இராணுவ வண்டியில் அதன் மிச்சம் ஒட்டியிருக்கவே கூடாது, ஒத்துப்போகாத இரண்டு கிரீஸ்கள் சேர்ந்தால் நீர்த்துவிடும். வெளிச் சீலின் ஃபெல்ட்டை எண்ணெயில் ஊறவைத்துப் போடுங்கள். வீல் பேரிங்கை ஹப்பைச் சுற்றியபடியே இறுக்கி, முழுதாகத் தளர்த்தி, பிறகு மென்மையாக மீண்டும் இறுக்கி, லாக் வாஷரை மடக்குங்கள். எண்ணெய் பட்ட பிரேக் பேடை எரித்துச் சுத்தம் செய்யும் வித்தை வேண்டாம், மாற்றிவிடுங்கள். எல்லாம் முடிந்ததும் அலைன்மெண்ட் கடையில் டோ-இன் (முன் சக்கரங்கள் உள்நோக்கிச் சாயும் அளவு) பார்த்துக்கொள்ளுங்கள்.

உட்சீல் ஏன் போயிற்று என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. வயது ஒரு காரணம். இன்னொன்று, ஆக்சிலின் மேலிருக்கும் சிறிய காற்றுப்போக்கியான பிரீதர். அதன் வாய் மண்ணால் அடைபட்டால், வேலூர் வெயிலில் தேசிய நெடுஞ்சாலையில் ஓடிச் சூடேறிய ஆக்சிலுக்குள் காற்று விரிந்து, போக வழியில்லாமல் ஆயிலைச் சீலின் உதட்டைத் தாண்டித் தள்ளும். அதே சூட்டோடு ஓடையில் இறங்கினால் உள்காற்று சட்டெனச் சுருங்கி, சீல்களின் வழியே நீரையும் மணலையும் உறிஞ்சும். பிரீதரைக் கழற்றி ஊதிச் சுத்தம் செய்து, ஒரு ரப்பர் ஹோஸை மாட்டி பானெட்டுக்குள் உயரமான இடத்துக்குக் கொண்டுபோய்க் கட்டிவிடுங்கள். நூறு இருநூறு ரூபாய்க்குள் முடிகிற இந்த வேலையைச் செய்யாமல் சீல் மட்டும் போட்டால், போட்ட காசு அதே வழியில் ஒழுகும்.

ஜவ்வாது மலைப் பயணத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சாமான் கையில் இருந்தால் முதல் பக்கத்துக்கு ஒரு முழு நாள், இரண்டாவதற்கு அதில் பாதி என்று வைத்துக்கொள்ளலாம். லேத் வேலை வந்தால் அதற்கேற்ப நீளும். முடித்த கையோடு மலையேறாதீர்கள். முதலில் ஆம்பூர் வரை போய்த் திரும்பி, கிங்பின், ஸ்பிண்டில் போல்ட்டுகளை மீண்டும் ஒருமுறை டார்க் ரெஞ்சால் பாருங்கள், ஹப்பைத் தொட்டு ஒரு பக்கம் மட்டும் மிகுதியாகச் சுடுகிறதா என்று கவனியுங்கள். பிறகு ஆலங்காயம் வழியாகக் காவலூர் ஏறி ஜமுனாமரத்தூர் போகலாம். மலையில் வண்டியை ஒரு பக்கம் சாய்வாக இரவு முழுவதும் நிறுத்தினால், டிஃபரன்ஷியல் ஆயில் தாழ்ந்த பக்கச் சீலில் போய்த் தேங்கும். காலையில் அந்த டயரின் உட்புறத்தைத் துணியால் துடைத்துப் பாருங்கள்; துணி காய்ந்தே இருந்தால் உட்சீல் சரியாக உட்கார்ந்திருக்கிறது.